சாயங்காலம் அஞ்சு மணிக்கு மேல வொர்க்‌ஷாப் சாவி கேக்கற தம்பிக்கு

கேள்வி: வணக்கம் சார். நான் மெக்கானிக்கல் மூணாவது வருஷம், எங்க காலேஜ் பாஜா டீமுக்கு (கரடுமுரடான தரைல ஓடற சின்ன வண்டிய மாணவர்களே செஞ்சு போட்டி போடறது) இந்த வருஷம் நான்தான் கேப்டன். வொர்க்‌ஷாப்ல மூணு லேத் (உலோகத்த சுத்த விட்டு செதுக்கற மெஷின்), ஒரு மில்லிங், ஒரு பில்லர் ட்ரில்லிங், ரெண்டு பென்ச் க்ரைண்டர் இருக்கு. முன்னாடியெல்லாம் அஞ்சு மணிக்கு மேலயும் வேலை செய்ய விட்டாங்க. இப்ப இன்ஸ்ட்ரக்டர் சார் சாவியே தர மாட்டேங்கறார். ஒரு நாள் காலைல அவர் வந்து பாத்தப்ப லேத் பூரா சிப்ஸ் (செதுக்கி விழுந்த உலோகத் துணுக்கு), உலோகத்த துண்டா வெட்டற பார்ட்டிங் டூல் முனை உடைஞ்சு அப்படியே டூல பிடிக்கற டூல் போஸ்ட்ல நின்னிருக்கு, உலோகத்த கவ்வி சுத்தற சக்க இறுக்கற சக் கீ சக்குலயே மாட்டி இருந்திருக்கு. யார் பண்ணதுன்னு யாருமே ஒத்துக்கல. அதுக்கு முன்னாடி ஒரு ஜூனியருக்கு அலுமினியம் ஜாப்ல (செதுக்கற துண்டுல) கை கிழிஞ்சு தையல் போட்டாங்க, அதனால எல்லா மெஷின்லயும் கிளவுஸ் கட்டாயம்னு நான் ரூல் போட்டேன், அது சரியான்னு இப்ப டவுட்டா இருக்கு. ஒரு ஜூனியர் பொண்ணு லேத் கத்துக்கணும்னு கேக்குது, சீனியர்ஸ் முடி நீளமா இருக்கு வேண்டாம், நீ ரிப்போர்ட் எழுதுன்னு சொல்றாங்க. சாவிக்கு ஹெச்ஓடி கிட்ட லெட்டர் வாங்கிடலாம்னு இருக்கோம். என்ன ரூல் போட்டா இதெல்லாம் சரியாகும்? கடைசியா ஒண்ணு, சக்கரத்த தாங்கற அலுமினியம் அப்ரைட்ல, ஓட்டைக்குள்ள மரை வெட்டற எம்8 டேப் (8 மில்லிமீட்டர் போல்ட்டுக்கானது) உடைஞ்சு உள்ளயே நிக்குது, அத எப்படி எடுக்கறது?

பதில்:

தம்பி, மத்ததெல்லாம் அப்புறம், அந்த கிளவுஸ் ரூல இன்னிக்கே எடுத்துடுங்க. நல்ல எண்ணத்துலதான் போட்டிருக்கீங்க, ஆனா சுத்தற மெஷின் பக்கத்துல கிளவுஸ் போட்ட கை வெறுங்கைய விட ஆபத்து. லேத், ட்ரில்லிங், மில்லிங் மூணுக்கும் இதேதான். வெறும் விரல் ஜாப்ல உரசினா தோல் கிழியும், ரத்தம் வரும், ஆனா பெரும்பாலும் கை வெளிய வந்துடும். கிளவுஸ் நுனி மாட்டிச்சுன்னா அது கிழிஞ்சு விடாது, சுத்திக்கும், விரலையும் மணிக்கட்டையும் சேத்து இழுத்துட்டு போகும். அதுவும் கடைல ஜோடியா விக்கற அந்த நூல் கிளவுஸ் ரொம்ப மோசம், ட்ரில் பிட்டோட பள்ளத்துல ஒரு இழை சிக்கினாலே போதும்.

இத பசங்க கிட்ட வாயால சொன்னா மண்டைல ஏறாது, போர்டுல கணக்கு போட்டு காட்டுங்க, எல்லாரும் இன்ஜினியரிங் படிக்கறவங்கதான. 50 மில்லிமீட்டர் விட்டத்துல ஒரு ஜாப் 600 ஆர்பிஎம்ல ஓடுதுன்னு வைங்க. செகண்டுக்கு 10 சுத்து, ஒரு சுத்துக்கு 157 மில்லிமீட்டர். மாட்டிக்கிச்சுன்னு மூளைக்கு தெரிஞ்சு இன்னொரு கை ஸ்டாப் பட்டனுக்கு போக அரை செகண்ட்தான் ஆகும்னு வெச்சாலும் அதுக்குள்ள 5 சுத்து முடிஞ்சிருக்கும், அதாவது முக்கால் மீட்டருக்கு மேல துணி உள்ள போயிருக்கும், அது ஒரு ஆளோட கை நீளத்த விட ஜாஸ்தி. பட்டன அமுக்கினதும் மெஷின் டக்குனு நின்னுடாது, பிரேக் இல்லாத பழைய லேத்ல சக் அதோட வெயிட்டுக்கே இன்னும் சில சுத்து சுத்திட்டுதான் நிக்கும். நான் சுதாரிப்பா இருக்கேன், இழுத்தா கைய எடுத்துடுவேன்னு சொல்ற சீனியருக்கு இந்த கணக்குதான் பதில்.

அந்த ஜூனியருக்கு தையல் போட வேண்டி வந்தது பிசிறு எடுக்காம ஜாப கழட்டினதாலன்னுதான் நான் நினைக்கறேன். அலுமினியத்தோட முகப்ப தட்டையா செதுக்கற ஃபேஸிங் முடிஞ்ச விளிம்பு பிளேடு மாதிரி இருக்கும். ஜாப் சக்குல இருக்கும்போதே 45 டிகிரில சின்னதா ஒரு சேம்ஃபர் (சாய்வு வெட்டு) கொடுத்துட்டு மெஷின நிறுத்தி கழட்டணும், ட்ரில் போட்ட ஓட்டைக்கு வாய சாய்வா வெட்டற கவுன்டர்சிங்க் போடணும், மில்லிங் ஜாபுக்கு வைஸ விட்டு எடுத்ததும் மூலைல ஃபைல் இழுக்கணும். ஜாப யார் கழட்டறாரோ அவர்தான் பிசிறு எடுத்து கொடுக்கணும், அடுத்து வாங்கறவன் கை அதுல கிழியக்கூடாது. இந்த ஒண்ண வழக்கமாக்கினாலே கை கிழியறது முக்கால்வாசி நின்னுடும். கிளவுஸ் எதுக்கு வேணும்னா, ராடும் ஷீட்டும் தூக்கி வைக்க, மெயின ஆஃப் பண்ணிட்டு ட்ரேல இருக்கற சிப்ஸ அள்ள, வெல்டிங்குக்கு தோல் கிளவுஸ். அவ்வளவுதான்.

கண்ணாடி மட்டும் விதிவிலக்கே இல்லாம எல்லாருக்கும். மெஷின் ஓட்டறவருக்கு மட்டும் இல்ல, பக்கத்துல நின்னு வேடிக்கை பாக்கறவருக்கும்தான், சிப்ஸ் தெறிக்கும்போது யார் ஓட்டறான்னு பாத்து தெறிக்காது. பவர் கண்ணாடி போடறவங்க அது போதும்னு நினைப்பாங்க, சைடு திறந்து கிடக்கும், அதுக்கு மேலயே மாட்டற சேஃப்டி கண்ணாடி கிடைக்குது, வாங்கி வைங்க.

அடுத்தது தொங்கற சாமான். நம்ம ஊர் காலேஜ்ல ஐடி கார்டு டேக் எப்பவும் கழுத்துல இருக்கணும்னு ஒரு கட்டாயம் இருக்கு, கேட்ல இருந்து கிளாஸ் வரைக்கும் செக் பண்றாங்க, அதே பழக்கத்துல பசங்க டேகோட லேத் மேல குனியறாங்க. வொர்க்‌ஷாப் வாசல்ல வரிசையா ஆணி அடிச்சு வைங்க, உள்ள போறதுக்கு முன்னாடி டேக் அதுல தொங்கட்டும், யார் யார் உள்ள இருக்காங்கன்னும் அதுலயே தெரிஞ்சுடும். மோதிரம், வாட்ச், காப்பு, கழுத்து செயின் எல்லாம் பேகுக்கு போகணும். கைல கட்டின சாமி கயிறுதான் கஷ்டம், வீட்ல அம்மா கட்டி விட்டது கழட்ட மாட்டேன்னு ஒருத்தர் சொல்லுவார், அவர கேலி பண்ணாதீங்க, வற்புறுத்தாதீங்க, ஆனா மெஷின்லயும் விடாதீங்க. அளவு பாக்கறது, மார்க்கிங், டிராயிங்னு ஓடாத இடத்துல எவ்வளவோ வேலை இருக்கு, அதுல மதிப்பு ஒண்ணும் குறையாது. முழுக்கை சட்டைய முழங்கைக்கு மேல இறுக்கி மடிக்கணும், அதுவும் மடிப்பு உள்பக்கமா இருக்கணும், வெளிய மடிச்சா அந்த விளிம்பே போய் மாட்டும். ஓடற மெஷின் பக்கத்துல போய் எண்ணெய் விடற ஆளு உடம்போட ஒட்டின துணிதான் போட்டிருக்கணும்னு 1948 தொழிற்சாலைகள் சட்டத்துலயே, 22வது பிரிவுல, எழுதி வெச்சிருந்தாங்க, அவ்வளவு பழைய பாடம் இது.

இப்ப அந்தப் பொண்ணு விஷயம். லேத் கத்துக்கொடுங்க தம்பி, இதுல யோசிக்க ஒண்ணும் இல்ல. முடி நீளம்னா முடிய கட்டணும், ஆள வெளிய அனுப்பக்கூடாது. வெறும் பின்னல் போதாது, குனியும்போது தோள் மேல சரிஞ்சு முன்னாடி வந்து தொங்கும், கொண்டையா போட்டு நெட் மாட்டி அதுக்கு மேல கேப் போட்டுட்டா முடிஞ்சுது. துப்பட்டா ஆணில ஐடி டேகோட தொங்கட்டும், மேல பட்டன் போட்ட வொர்க்‌ஷாப் கோட், கால்ல ஷூ. முடி வளத்து வெச்சிருக்கற உங்க சீனியர் பசங்க ரெண்டு மூணு பேராவது இருப்பாங்க இல்ல, அவங்களுக்கும் இதே நெட், இதே கேப். பொண்ணுக்கு மட்டும் தனி ரூல்னு ஆரம்பிச்சா அது சேஃப்டி கணக்குல வராது.

2011 ஏப்ரல்ல அமெரிக்கால யேல் யுனிவர்சிட்டில ஒரு கடைசி வருஷ மாணவி, இயற்பியல் படிச்சவங்க, கெமிஸ்ட்ரி பில்டிங்ல இருந்த மெஷின் ஷாப்ல ராத்திரி நேரத்துல லேத்ல வேலை செய்யும்போது முடி மாட்டி இறந்து போனாங்க. அவங்க மெஷின் தெரியாதவங்க கிடையாது. கூட யாரும் இல்ல, அதே பில்டிங்ல இருந்த மத்த மாணவர்கள் அப்புறமாத்தான் பாத்திருக்காங்க. அதுக்கப்புறம் அந்த யுனிவர்சிட்டி என்ன பண்ணாங்கன்னா, மாணவர்கள் ஷாப்ல இருக்கற நேரத்த குறைச்சு, மேற்பார்வைக்கு ஒரு ஆள் இருக்கும்போது மட்டும்தான் அனுமதின்னு மாத்தினாங்க. இந்த சம்பவத்த உங்க சீனியர்ஸ் பொண்ணுங்களுக்கு லேத் வேண்டாம்னு சொல்ல எடுத்துக்கிட்டா தப்பா படிக்கறாங்கன்னு அர்த்தம். முடி கட்டாம இருந்தா என்ன ஆகும், தனியா இருந்தா என்ன ஆகும், இது ரெண்டும்தான் அதுல இருக்கு, தனியா இருக்கறது ஆம்பளைக்கும் அதே கதிதான்.

சரி, உங்க இன்ஸ்ட்ரக்டர் சாருக்கு வரேன், ஏன்னா உங்க லெட்டர்ல எனக்கு ரொம்ப உறுத்தின இடம் அதுதான். சாவி தராததுக்கு சிப்ஸ், உடைஞ்ச டூல், சக் கீன்னு மூணையும் ஒரே வரிசைல எழுதியிருக்கீங்க, நீங்க அத குப்பை பிரச்சினையா பாக்கறீங்கன்னு தோணுது. அவர் எத பாத்திருப்பார்னு சொல்றேன். காலைல முதல் வருஷ பேட்ச் லேபுக்கு வரும், லேத்த வாழ்க்கைல முதல் தடவை பாக்கற பசங்க. அதுல ஒருத்தன் ஆர்வக்கோளாறுல பச்சை பட்டன அமுக்கி லிவர தூக்கியிருந்தா, சக்குல நின்ன அந்த கீ ஒரு சுத்து கூட முழுசா சுத்தாது, லேத்தோட அடித்தளமான பெட்டுல இடிச்சு தெறிச்சோ, இல்ல கழண்டு நேரா பறந்தோ வரும், ஒரு கிலோ பக்கம் இரும்பு, நின்னு பாக்கற பையனோட நெஞ்சு மூஞ்சி உயரத்துல. அவர் அன்னிக்கு சீக்கிரம் வந்து பாத்ததாலதான் ஒண்ணும் நடக்கல. நடந்திருந்தா முதல்ல பதில் சொல்ல வேண்டியவர் அவர்தான், உங்க டீம்ல யாரும் போய் நின்னிருக்க மாட்டீங்க.

அதனால சக் கீக்கு ஒரே ஒரு பழக்கம்தான், உலகத்துல எல்லா நல்ல டூல் ரூம்லயும் (கம்பெனிக்கு வேண்டிய டூலும் அச்சும் செய்யற இடம்) இருக்கறது: கீ சக்குல இருக்கற வரைக்கும் கை கீ மேல இருக்கணும். இறுக்கியாச்சு, கை எடுக்கறதுக்கு முன்னாடி கீ வெளிய வரணும், அது இருக்க வேண்டிய இடத்துக்கு போகணும். நடுவுல யாராவது கூப்பிட்டாலும், போன் அடிச்சாலும், அளக்கற வெர்னியர் எடுக்க ரெண்டு அடி நகரணும்னாலும் கீ கைலயே போகும். கைய எடுத்தா தானா வெளிய தள்ளிக்கற ஸ்பிரிங் வெச்ச கீயும் இருக்கு, முடிஞ்சா அத வாங்கி போடுங்க. அதோட மெஷின ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி சக்க கையால ஒரு முழு சுத்து சுத்தி பாக்கணும், சக்கோட பிடி பல்லான ஜா டூல் போஸ்ட்ல இடிக்குதா, டூல நகத்தற கேரேஜ் எவ்வளவு கிட்ட இருக்கு, கீ நிக்குதா, எல்லாம் அந்த ஒரு சுத்துல தெரிஞ்சுடும். முந்தின ஆள் மேல எவ்வளவு நம்பிக்கை இருந்தாலும் இத பண்ணணும்.

நான் டூல் ரூம்ல ரொம்ப வருஷம் இருந்துட்டு இப்ப ஒரு காலேஜ் வொர்க்‌ஷாப்ப பாத்துக்கறேன், ரெண்டு இடத்துக்கும் உள்ள பெரிய வித்தியாசம் என்னன்னா டூல் ரூம்ல ஒரு மெஷினுக்கு ஒரு ஆள், அந்த மெஷின் எந்த நிலைல இருக்குன்னு அவருக்கு தெரியும். காலேஜ்ல ஒரே லேத்த ஒரு நாள்ல முப்பது கை தொடுது. உங்களுக்கு முன்னாடி யார் ஓட்டினா, பெல்ட் எந்த ஸ்பீடுல இருக்கு, டூல தானா நகத்தற ஆட்டோ ஃபீடு என்கேஜ்ல கிடக்கா, எதுவுமே தெரியாது. அதனால மாணவர் வொர்க்‌ஷாப்ல சேஃப்டின்னு நீங்க சொல்றதும் அடுத்தவருக்கு மரியாதைன்னு நான் சொல்றதும் ஒரே வேலைதான், நீங்க எப்படி விட்டுட்டு போறீங்களோ அதுலதான் அடுத்தவரோட விரல் இருக்கு. போகும்போது மெஷின் எப்படி இருக்கணும்னா, மெயின் ஆஃப், கியர் நியூட்ரல், ஃபீடு விலகி இருக்கணும், கேரேஜ் சக்குக்கு எதிர் முனைல இருக்கற டெயில்ஸ்டாக் பக்கம் போயிருக்கணும், டூல் கழட்டி வெச்சிருக்கணும், சக் காலியா இருக்கணும், கீ ஸ்டாண்டுல இருக்கணும். நீங்க ஜாப விட்டுட்டு போயே ஆகணும்னா ஒரு அட்டைல உங்க பேரும் நம்பரும் எழுதி லிவர்ல கட்டிட்டு போங்க.

ரெண்டு பேர் ஒரே மெஷின்ல நிக்கறது பத்தி கேக்கல, ஆனா உங்க டீம்ல கண்டிப்பா நடக்கும், அதனால சொல்றேன். ஒருத்தர் ஓட்டறார், இன்னொருத்தர் கூட நின்னு உதவி பண்றார், முதல் ஆள் குனிஞ்சு வெர்னியர் வெச்சு விட்டம் பாக்கறார், ரெண்டாவது ஆள் முடிஞ்சுதுன்னு நினைச்சு லிவர தூக்கிடறார். இது கோபமோ அலட்சியமோ இல்லாம, உதவி பண்ற எண்ணத்துலயே நடக்கற விபத்து. அதனால மெஷின் யார் கைல இருக்கோ அவர் மட்டும்தான் பட்டனையும் லிவரையும் தொடணும், கூட இருக்கறவர் தொட வேண்டிய ஒரே பட்டன் சிவப்பு. நம்ம காலேஜ்கள்ல இருக்கற பழைய லேத் நிறைய மோட்டார் ஓடிட்டே இருக்கும், லிவர்லதான் சக்க சுத்த வைக்கற ஸ்பிண்டில் என்கேஜ் ஆகும், குனிஞ்சு அளக்கும்போது இடுப்போ முட்டியோ லிவர்ல பட்டா ஸ்பிண்டில் கிளம்பிடும். அளக்கறதுக்கும் ஜாப் மாத்தறதுக்கும் லிவர நியூட்ரல்ல வெச்சா பத்தாது, மோட்டாரையே நிறுத்துங்க. ஓடற ஜாப்ல வெர்னியர் வைக்கறவர அன்னிக்கே மெஷின விட்டு இறக்குங்க.

மெஷின் ஓட்டிட்டு இருக்கறவர் தோள பின்னாடி இருந்து தட்டாதீங்க, பேர் சொல்லி கத்தாதீங்க. திடுக்கிட்டு திரும்பினா கை எங்க போகும்னு சொல்ல முடியாது. அவர் கண்ணுல படற இடத்துல போய் நில்லுங்க, கட் முடிஞ்சு டூல பின்னாடி எடுத்துட்டு அவரே திரும்புவார். பாட்டு கேக்கறதும் ஹெட்செட்டும் வேண்டவே வேண்டாம், மெஷின் சத்தம் மாறறதுதான் முதல் எச்சரிக்கை, டூல் மழுங்கினாலும் ஜாப் சக்குல நழுவினாலும் முதல்ல தெரியறது காதுக்குதான்.

எமரி (உப்புத்தாள் மாதிரி தேய்க்கற துணி) போடறதுல ஒரு எச்சரிக்கை. ஃபினிஷ் நல்லா வரணும்னு எமரி துணிய ஜாப சுத்தி விரலால பிடிச்சு அமுக்கறாங்க, அது விரலோட சேந்து சுத்திக்க ரெடியா இருக்கற ஒரு சுருக்கு. நீளமா வெட்டி ரெண்டு நுனியையும் தனித்தனி கைல பிடிக்கணும், இல்லன்னா ஒரு தட்டையான கட்டை மேல வெச்சு அமுக்கணும். உள் துளைக்கு விரல்ல சுத்தி உள்ள விடறத பாத்தா உடனே மெஷின நிறுத்துங்க.

சுத்தம் பண்றதுக்கு வரலாம். மைல்ட் ஸ்டீல்ல சுருள் சுருளா நீளமா வர சிப்ஸ கையால இழுக்கக்கூடாது, ஓடும்போது சத்தியமா கூடாது, கொக்கி வெச்ச கம்பியால நிறுத்திட்டு எடுக்கணும், மிச்சத்த பிரஷ்ஷால தள்ளணும். பனியன் வேஸ்ட்டால ஓடற ஜாப துடைக்கற பழக்கம் கிளவுஸ விட மோசம், நூல் நூலா பிரியற துணி அது. ஏர் கன் வெச்சு ஊதறதையும் நிறுத்துங்க, ஊதினா எதிர்ல நிக்கறவர் கண்ணுக்கு போகும், போகாதது கேரேஜ் நகர்ற ஸ்லைடுவே இடுக்குல புகுந்து அடுத்த பத்து வருஷத்துக்கு பெட்ட அரைக்கும். துடைச்சு முடிச்சதும் பெட் மேல மெல்லிசா எண்ணெய் தடவிட்டு போங்க, காலைல துரு பிடிக்காம இருக்கும், கீழ சிந்தின எண்ணெய் மேல மரத்தூள் போட்டு கூட்டிடுங்க. பெட் மேல சுத்தியல் வைக்கறது, ஸ்பேனர் வைக்கறது, பெட்டையே பட்டறைக்கல்லா வெச்சு தட்டறது, இதெல்லாம் இன்ஸ்ட்ரக்டருக்கு எப்படி இருக்கும்னு நான் சொல்லி தெரிய வேண்டாம், அந்த மெஷின் அவர் கைல இருபது முப்பது வருஷமா இருக்கலாம். வேலை நேரம் முடியறதுக்கு அரை மணி நேரம் முன்னாடி எல்லா மெஷினும் நிக்கணும், அந்த அரை மணி சுத்தம் பண்றதுக்கு மட்டும், கேப்டன் நீங்க முதல்ல பிரஷ்ஷ எடுத்தா மத்தவங்க எடுப்பாங்க.

க்ரைண்டர்: ஜாப் வைக்கற ரெஸ்ட்டுக்கும் கல்லுக்கும் நடுவுல 3 மில்லிமீட்டருக்கு மேல இடைவெளி இருக்கக்கூடாது, கல்லு தேயத் தேய நகத்திட்டே வரணும், இல்லன்னா ஜாப் உள்ள இழுத்துக்கும். அலுமினியத்த அந்தக் கல்லுல காட்டாதீங்க, கல்லோட துளைய அடைச்சு சூடாகி கல்லே உடையலாம். ஸ்விட்ச் போட்டதும் கல்லுக்கு நேரா நிக்காம ஓரமா நில்லுங்க, கொஞ்ச நேரம் ஓடட்டும். ட்ரில்லிங்ல சின்ன ஷீட்ட கையால பிடிக்கவே கூடாது, பிட் மறுபக்கம் வெளிய வர அந்த நொடில கவ்வி சுத்தும், வைஸ்லயோ கிளாம்புலயோ இருக்கணும்.

கரண்ட் போறது பத்தி தனியா சொல்லணும். லேத் ஸ்டார்ட்டர்ல நோ வோல்ட் காயில் இருந்தா கரண்ட் திரும்ப வரும்போது மெஷின் தானா கிளம்பாது, உங்க மூணு லேத்துலயும் அது வேலை செய்யுதான்னு எலக்ட்ரீஷியன வெச்சு ஒரு தடவை பாத்துடுங்க. ஆனா ஆங்கிள் க்ரைண்டர், ஹேண்ட் ட்ரில் மாதிரி ஸ்விட்ச் லாக் ஆகி நிக்கறதுல நிறையத்துக்கு அந்த வசதி கிடையாது. கரண்ட் போச்சுன்னு மேசைல வெச்சுட்டு டீ குடிக்க போயிடுவாங்க, திரும்ப வரும்போது அது தானா ஓட ஆரம்பிச்சு மேசைல இருந்து குதிக்கும். கரண்ட் போனா முதல் வேலை ஸ்விட்ச் ஆஃப், பிளக்க பிடுங்கறது, அப்புறம்தான் டீ.

இப்ப சாவி. ஹெச்ஓடி கிட்ட லெட்டர் வாங்கி அவர் மேசைல கொண்டு போய் வைக்காதீங்க, தயவு செஞ்சு வேண்டாம். சாவி கிடைக்கும், ஆனா அந்த மனுஷன் அதுக்கப்புறம் உங்களுக்கு ஒண்ணும் சொல்லித் தர மாட்டார், அவர் கைல இருக்கற அனுபவம் உங்களுக்கு நஷ்டம். அவர் கிட்டயே போங்க, டீம் மொத்தமா போங்க. அன்னிக்கு நடந்தது எங்க டீம் பண்ணதுதான், யார்னு இல்ல, எல்லாரும் சேந்து பொறுப்பேத்துக்கறோம்னு சொல்லுங்க. பார்ட்டிங் டூல் பிளேட கைக்காசு போட்டு வாங்கி கைல கொடுங்க. அப்புறம் அவர் கிட்ட அதிகாரத்த கொடுங்க: டீம்ல யார் யார் எந்த மெஷின ஓட்டலாம்னு அவரே ஒவ்வொருத்தரையும் ஓட்ட விட்டு பாத்து ஒரு லிஸ்ட் போட்டு கையெழுத்து வெச்சு சுவத்துல ஒட்டட்டும், அதுல பேர் இல்லாதவர் கேப்டனா இருந்தாலும் தொடக்கூடாது. அஞ்சு மணிக்கு மேல எப்பவும் ரெண்டு பேராவது இருக்கணும், ரெண்டு பேரும் லிஸ்ட்ல இருக்கறவங்களா இருக்கணும், மெயின் ஸ்விட்ச் எங்க இருக்குன்னு ரெண்டு பேரும் அவர் முன்னாடி நடந்து போய் தொட்டு காட்டணும். அன்னிக்கு என்ன ஜாப், என்ன ஆபரேஷன்னு மதியமே டிராயிங்கோட அவர் கிட்ட காட்டிடுங்க, பாதி நேரம் அவரே இத இப்படி பிடிக்காத, டெயில்ஸ்டாக் சப்போர்ட் கொடு, ஜாப் சக்க விட்டு ரொம்ப நீளமா நீட்டிட்டு இருக்குன்னு திருத்திடுவார். நேரமும் எட்டு மணியோட நிறுத்தணும்னு நீங்களாவே சொல்லுங்க. போட்டிக்கு முந்தின வாரம் ராத்திரி ரெண்டு மணிக்கு தூக்கக் கண்ணோட சக்கர நடுப்பாகமான ஹப்ப லேத்ல டர்ன் பண்ற நிலை வருதுன்னா அது பிளானிங்ல வந்த தப்பு, அத லேத் மேல ஏத்தாதீங்க. அவர் அப்பவும் ஒரு மாசம் பாக்கலாம்னு சொன்னா ஒரு மாசம் பகல்ல மட்டும் வேலை செய்ங்க, கேக்கற உரிமை உங்களுக்கு இருக்கு, மறுக்கற உரிமை அவருக்கும் இருக்கு.

யாரும் ஒத்துக்கலன்னு எழுதியிருக்கீங்க இல்ல, அத பத்தி என் அபிப்பிராயம் கொஞ்சம் கறாரானது. டூல் உடையறதுக்கு அபராதம் போடாதீங்க, திட்டாதீங்க, கத்துக்கறவன் கைல டூல் உடையத்தான் செய்யும், பார்ட்டிங் டூல் எல்லாருக்கும் உடையும். மறைக்கறதுக்கு மட்டும்தான் தண்டனை இருக்கணும். ஒவ்வொரு மெஷின் பக்கத்துலயும் ஒரு நோட்ட கயித்துல கட்டி தொங்க விடுங்க, தேதி, பேர், என்ன செஞ்சேன், என்ன உடைஞ்சுது, என்ன சரியில்ல, அவ்வளவு போதும். முதல் ஒரு வாரம் சீனியர்ஸ் தங்களோட தப்ப அதுல எழுதணும், அப்பதான் ஜூனியர் எழுதுவான்.

அந்த அப்ரைட்டுக்கு வரேன், இதுவும் அதே கதையா இருக்கலாம். எம்8 டேபுக்கு ஓட்டை 6.8 மில்லிமீட்டர் இருக்கணும். நிறைய வொர்க்‌ஷாப்ல 6.8 பிட் உடைஞ்சு போயிருக்கும், உடைச்சவர் சொல்லாம காலி இடத்துல பொருந்தற மாதிரி வேற எதையாவது சொருகி வெச்சிருப்பார், அடுத்து வரவர் கைக்கு கிடைச்ச 6.5ல போட்டுடுவார். அளவு குறைஞ்ச ஓட்டைல டேப் ரொம்ப இறுகி ஓடும், அலுமினியம் சிப்ஸ் பள்ளத்துல ஒட்டிக்கும், பாதில உடையும். உங்க பிட் செட்ட எடுத்து ஒவ்வொண்ணையும் வெர்னியர் வெச்சு பாருங்க, என்ன நடந்துச்சுன்னு தெரிஞ்சுடும்.

எடுக்கறதுக்கு, உளியும் சுத்தியும் வெச்சு அடிக்காதீங்க. டேப் கண்ணாடி மாதிரி தெறிக்கும், அப்ரைட்டும் ஓட்டை பெருசாகி வீணாப் போயிடும். மேல ட்ரில் போட்டாலும் பிட் டேப விட்டு வழுக்கி மெத்துனு இருக்கற அலுமினியத்துக்குள்ளதான் இறங்கும். வெளிய, மின்பொறியால உலோகத்த அரிக்கற ஸ்பார்க் எரோஷன் மெஷின் வெச்சிருக்கற டை (அச்சு) வொர்க்ஸ்ல கொண்டு போங்க, டேப் நடுவுல எலக்ட்ரோட இறக்கி எரிச்சு எடுத்துடுவாங்க, மிச்ச துண்டுங்கள ஊசியால கொத்தி எடுத்துடலாம், மரை அப்படியே இருக்கும். டிராயிங்கயும் எடுத்துட்டு போங்க, ஓட்டை எவ்வளவு ஆழம், எந்தப் பக்கத்த வெச்சு நேரா பிடிக்கணும்னு கேப்பாங்க. அடுத்த தடவை போடும்போது 6.8 பிட், கொஞ்சம் மண்ணெண்ணெய், அரை சுத்து முன்னாடி போனா கால் சுத்து பின்னாடி, அடைச்ச ஓட்டையா இருந்தா நாலஞ்சு சுத்துக்கு ஒரு தடவை டேப முழுசா வெளிய எடுத்து சிப்ஸ தட்டிட்டு போடுங்க. டேப உடைச்ச தம்பிய கூடவே டை வொர்க்ஸ்க்கு கூட்டிட்டு போங்க, எப்படி எடுக்கறாங்கன்னு பாத்துட்டு வரட்டும், அப்புறம் மிச்ச ஓட்டைங்களுக்கு மரை போடற வேலைய அவர் கைலயே கொடுங்க.